பொட்டு வைத்த சுள்ளிகள்

எங்கள் சொந்தத்தில் என் வேலையைப் பற்றி ஒரே ஒரு விளக்கம்தான் புழக்கத்தில் இருக்கிறது. "அவ ஐஸ்ல போயி புல்லு புடுங்கினு இருக்கறா." கண்டுபிடித்தவள் என் அத்தை. அப்பாவின் அக்கா, பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறாள். கல்யாண வீடு, வளைகாப்பு, எழவு வீடு என்று ஒன்று விடாமல் இதைச் சொல்லிச் சிரிப்பாள். அவள் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து அந்த நாக்குக்கு ஓய்வே இல்லை. எனக்கும் வாய் இருக்கிறது. "நான் புடுங்கறது புல்லு இல்ல அத்த, செடி. புல்லு புடுங்கறது உங்க புள்ள" என்று ஒரு கல்யாணப் பந்தியில் வைத்தே சொன்னேன். சாம்பார் வாளியோடு நின்றவர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அத்தை என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டு, என் காதில் விழும்படி மற்றவர்களிடம் பேச ஆரம்பித்தாள்.

அவள் சொல்வதில் பாதி உண்மைதான். வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தீவில், பூமி சூடாகச் சூடாகச் செடிகொடிகள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. சென்னையில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். கோடையில் சில வாரங்கள் தீவு, மற்ற நாளெல்லாம் சென்னை, லீவு விட்டால் காஞ்சிபுரம். அந்தத் தீவில் மரம் கிடையாது. மரத்துக்குப் பதிலாக வில்லோ என்று ஒரு செடி தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். நிமிர்ந்து நின்றால் என் சுண்டுவிரல் உயரம் வரும். அதற்கு மேல் காற்றும் குளிரும் விடாது. சுண்டுவிரல்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். சிலதுக்கு என் அப்பாவைவிட வயது அதிகம்.

கொஞ்சம் சூடு ஏறினால் இந்தச் செடிக்குத் தைரியம் வந்துவிடுகிறது. எழுந்து நிற்கிறது, கிளை விடுகிறது, இலையை விரிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எழுந்தால் கீழே நிழல் விழும். கீழே இருப்பதெல்லாம் பாசியும், நாம் பிரியாணியில் போடுகிற கல்பாசியின் பங்காளிகளும். வருடத்தில் கொஞ்ச நாள் கிடைக்கிற வெயிலை நம்பி உயிரை வைத்திருக்கிற ஜீவன்கள். நிழல் விழுந்தால் செத்துப்போகும். அவற்றைத் தின்று பிழைக்கிற மான்களுக்குக் குளிர்காலத்தில் வயிறு காயும். யாரும் யாரையும் வெட்டவில்லை, மிதிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குக் கொஞ்சம் வசதி வந்தது, அவ்வளவுதான், இவன் காலி. மண்டியிட்டு, மூக்கு தரையில் இடிக்க இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு வருவார்கள்.

நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அந்தத் தீவில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தட்டிகளை வட்டமாகச் சாய்த்து நிறுத்தி, மேலே திறந்தபடி சின்னச் சின்னக் கூடுகள். கூட்டுக்குள் காற்று அடங்கிக் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். நாளைக்கு உலகம் சூடானால் எப்படி இருக்குமோ அது இன்றைக்கே கூட்டுக்குள். பக்கத்திலேயே கூடு இல்லாத திறந்தவெளிப் பாத்திகள். கூட்டுச் செடியையும் வெளிச் செடியையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். ஆனால் யாரையும் ஒரு கிளை ஒடிக்க விட்டதில்லை அந்த அம்மாள். ஒடித்தால் செடியின் கதை அன்றோடு மாறிவிடும் என்று கண்டிப்பு. அவர் ஓய்வு பெற்ற பிறகு, எத்தனையோ கெஞ்சலுக்கப்புறம், ஒரு பாத்திக்கு ஒரு தண்டு மட்டும், ஒரே ஒரு தடவை வெட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. வெட்டியவள் நான். மழைத் தூறலில் விரல் மரத்துப்போய், கத்தி எங்கே கை எங்கே என்று தெரியாமல் வெட்டினேன். அழுகை வந்தது. குளிரில் வந்தது என்று கூட இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

வெட்டின தண்டுகளைப் பார்த்தால் அடுப்புக்குப் பொறுக்கின சுள்ளி. அதைக் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வருடத்துக்கு ஒன்றாக வளையம் தெரியும். நல்ல கோடை வந்த வருடம் அகலமான வளையம், கெட்ட வருடம் மயிரிழை. கூட்டுச் செடியின் வளையத்துக்கும் வெளிச் செடியின் வளையத்துக்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னால் என் ஆராய்ச்சி முடிந்தது. சுள்ளியின் மேல் எழுத இடம் கிடையாது, மை பட்டாலும் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொன்றும் தனித்தனிப் பழுப்புக் கவரில் இருந்தது. கவரின் மேல் பென்சிலால் கூடு அல்லது வெளி, அப்புறம் பாத்தி எண். கவர் போனால் சுள்ளி அனாதை. எது கூட்டில் பிறந்தது, எது வெளியில் பிறந்தது என்று அந்த ஆண்டவனாலும் சொல்ல முடியாது.

"பூஜா லீவுக்குள்ள வளையம் எண்ணிக் குடுத்துடு. அடுத்த கோடைக்கு உன் பேர எழுதறேன். இல்லன்னா வேற ஆளு ரெடியா இருக்காங்க" என்று சொல்லியிருந்தார் என் கைடு. எனக்கு அந்தத் தீவுக்குத் திரும்பிப் போக வேண்டும். பட்டத்துக்காக மட்டும் இல்லை. அங்கேதான் நான் யாருக்கும் மகள் இல்லை, மருமகள் ஆகாதவள் இல்லை, ஒன்றும் இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்து செடியைப் பார்க்கிற ஒரு ஆள். அவ்வளவு நிம்மதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

லேப் பூட்டிவிட்டார்கள், ஹாஸ்டலில் மெஸ் கிடையாது. ஒரு பழைய மைக்ராஸ்கோப்பையும் கவர்களையும் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் வந்தேன். வீட்டில் எனக்கு வேறொரு வேலையும் காத்திருந்தது. அப்பா நெய்வது கோர்வைப் புடவை. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். குறுக்கு நூலை ஓட்ட நடுவில் ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. அந்தாண்டக் கரை நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அம்மா இருந்தவரை அம்மா உட்கார்ந்தாள். அம்மா போன பிறகு லீவுக்கு வருகிற நான். அண்ணன் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை, பெண்டாட்டியோடு அங்கேயே வீடு. தறி என்றாலே அதன் அடிப் பள்ளத்தில் கால் இறங்காது அவனுக்கு. அப்பாவை அழைத்துக்கொண்டு போய் வைத்துக்கொள்கிற பேச்சை எடுத்தால் உடனே அவனுக்குப் போன் வந்துவிடும்.

காலையில் தறி, சாயங்காலம் மைக்ராஸ்கோப் என்று ஓடியது. அப்பா ரொம்ப சாது. நெற்றி நிறைய விபூதி, கோயிலுக்குப் போகாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார், யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. நாடா தள்ளிக்கொண்டே என் வேலையைப் பற்றிக் கேட்பார். எங்கள் குடும்பத்தில் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"அங்க எல்லாம் பச்சையாவுதுன்னா நல்லதுதானேம்மா? எதுக்குக் கவலப்படுறீங்க?"

"பாலாறும்தான் பச்சையா இருக்குதுப்பா. ஓரிக்கைப் பக்கம் போயி பாரு, ஆத்துல தண்ணி இல்ல, கரையிலேருந்து கரை வரைக்கும் சீமைக்கருவேலம். அதுவும் பச்சதான்."

அப்பா சிரித்தார். "சரிதான், சரிதான்" என்று தலையாட்டிவிட்டு நாடாவை வீசினார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அண்ணன் வந்திருந்தான். சாப்பிடும்போது கவர்களைப் பார்த்து, "இன்னா இது, ஊதுவத்தி வியாபாரமா?" என்றான். இரண்டு பேருக்கும் சேர்த்து விளக்கினேன். கூடு என்றால் என்ன, வெளி என்றால் என்ன, ஏன் கவரிலிருந்து எடுக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னேன். எனக்குப் பொறுமை வருவதே அபூர்வம்.

"வீட்ல மத்தத எது வேணா தொடுங்க. இது கலந்துச்சுன்னா நான் செத்தேன்."

"அப்ப கலந்துச்சுன்னா அடுத்த வருசம் நீ போவ முடியாதா?" என்றான் அண்ணன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

"போவ முடியாது. வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

அப்பா மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தறியைத் துடைத்து மாலை போட்டாயிற்று. நாடா, அச்சுப்பலகை, தார்க்குச்சி எல்லாவற்றையும் நல்லெண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து, தறிக்கு முன்னால் வாழை இலையில் அடுக்குவது எங்கள் வழக்கம். ஒருமுறை பூஜைக்கு வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும், நடுவில் கை படக் கூடாது. "பூசணிக்காயும் பொரியும் மறந்துட்டேம்மா, ஓடிப் போயி வாங்கினு வந்துடு" என்று அப்பா என்னை மார்க்கெட்டுக்கு அனுப்பினார். அன்றைக்கு மார்க்கெட்டில் கால் வைக்க இடம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. வியர்த்து வழிந்து, ஒரு பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

எதிர் வீட்டு அம்மா எங்கள் வாசலிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். கையில் ஒரு பழுப்புக் கவர். அதன் மேல் என் கையெழுத்தில் 'வெளி' என்று இருந்தது. உள்ளே விபூதிப் பிரசாதம்.

பூசணிக்காய் வாசலிலேயே விழுந்து உடைந்தது. உள்ளே ஓடினேன். வாழை இலையில் நாடாக்களுக்குப் பக்கத்தில் என் சுள்ளிகள் வரிசையாகப் படுத்திருந்தன. எண்ணெயில் ஊறிப் பளபளவென்று, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். சாம்பிராணிப் புகை. அப்பா கைகூப்பிக் கண்ணை மூடித் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் பாட்டு நின்றது.

"ஐயோ, என்னப்பா பண்ணிட்ட! என்னப்பா பண்ணிட்ட!"

கையை நீட்டி அள்ளப் போனேன். "தொடாதம்மா! பூசைக்கு வச்சது!" என்று அப்பா குறுக்கே விழுந்தார். "எங்களுக்கு நாடா ஆயுதம்னா உனக்கு இதுதானேம்மா ஆயுதம்? உன் பொழப்புக்கும் சாமி கும்புடணும்னு நெனச்சேன். ஒவ்வொண்ணா கவர்லேருந்து எடுத்து, எண்ணெ தடவி, பொட்டு வச்சு அடுக்குனேன். தப்பாம்மா?" அவர் உதடு நடுங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? எனக்கு வந்த கோபமெல்லாம் அண்ணன் பக்கம் திரும்பியது. அவன் மூலையில் போனை நோண்டிக்கொண்டு நின்றான். "நேத்துதானேடா சொன்னேன்! அவருக்கு வயசாச்சு, மறந்துட்டாரு. நீ கல்லு மாதிரி நின்னுக்கினு இருந்தியா? ஒரு வார்த்த சொல்லக் கூடாது?" அவன் தோளைக் குலுக்கினான். "சாமி காரியத்துல நான் இன்னா குறுக்க பேசறது?" அறைந்திருப்பேன், அப்பா நடுவில் நின்றார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொடுத்து, "பரவால்லப்பா, தெரியாமதானே செஞ்ச, நீ சாப்புடு" என்று பொரியும் கடலையும் ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் பூஜையிலிருந்து எடுப்பதற்கு முன்னால், அப்பா அடுக்கின வரிசை கலையாமல் போட்டோ எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே அப்போது தெரியாது. கைடுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"இதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன்?" என்றார். "எண்ணெய கழுவிடலாம். வளையம் அகலமா இருக்கறதெல்லாம் கூட்டுல போடு. ஒடுக்கமா இருக்கறத வெளியில போடு. முடிஞ்சுது."

"சார், சூட்டுல வளையம் அகலமாவுதான்னு கண்டுபிடிக்கத்தானே எண்ணவே ஆரம்பிச்சோம்?"

"ஆவும்னு எல்லாருக்கும் தெரியும்மா. உனக்குப் போவணுமா, வேணாமா?"

வைத்துவிட்டார். நான் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து சுள்ளிகளைப் பார்த்தேன். பதிலை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் போடச் சொல்கிறார். பாவி.

அப்போதுதான் அண்ணனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. பக்திப் பாட்டு போட்டு, அப்பாவின் விரல் ஒரு சுள்ளிக்குக் குங்குமம் வைக்கிற துணுக்கு வீடியோ. பின்னால் பழுப்புக் கவர்கள் தெரிந்தன. முழு வீடியோ இருந்தால் போதும். அப்பா ஒவ்வொன்றாகக் கவரிலிருந்து எடுத்தேன் என்றாரே, எந்தக் கவரிலிருந்து எதை எடுத்தார், எங்கே வைத்தார் என்று பார்த்துவிடலாம். அடுக்கின வரிசை என்னிடம் போட்டோவாக இருக்கிறது. எல்லா அனாதைக்கும் வீடு கிடைத்துவிடும். தீவுக்கும் போய்விடலாம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அழிச்சிட்டேன். போன் ஃபுல்லாயிடுச்சு" என்றான். "அத்த கால் ஆபரேஷனால பூசைக்கு வர முடியலன்னு அதுக்கு மட்டும் முழுசா அனுப்புனேன். வேணும்னா பிள்ளையார்பாளையம் போயி கேளு." சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

நான் செருப்பை மாட்டுவதைப் பார்த்து அப்பா தறியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "வேணாம்மா. அவகிட்டப் போயி நிக்காத. உன்ன அசிங்கப்படுத்துவா. போனது போவட்டும். உனக்கு ஒரு அசிங்கம்னா என்னால தாங்க முடியாது." இந்த மனுஷனைப் போய் வருத்திவிட்டோமே என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனேன்.

அத்தை இரும்புக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மருமகள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்று சொன்ன அந்த மகனின் மனைவி.

"வாடியம்மா! ஐஸெல்லாம் கரைஞ்சு போச்சா, இந்தப் பக்கம் வந்துட்ட?"

வந்த விஷயத்தைச் சொன்னேன். அத்தை டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை. சீரியல் முடியும் வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். குந்து என்று யாரும் சொல்லவில்லை. விளம்பரம் வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஒழுங்கா கேளு. அத்த, தயவு பண்ணுங்கன்னு கேளு. இவளும் கேக்கட்டும்."

நான் கேட்டேன். சத்தியமாக, அந்தத் தீவுக்காகக் காலில் விழச் சொன்னாலும் அன்றைக்கு விழுந்திருப்பேன். மருமகள் தலை நிமிராமல் அவரைக்காய் நாரை இழுத்துக்கொண்டிருந்தாள். அத்தை தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, தேடி, என்னிடம் நீட்டினாள். இவ்வளவு சுலபமாகக் கொடுப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மொதல்லேருந்து பாரு. ஓட்டி ஓட்டிப் பாக்காத. சவுண்டு வச்சுப் பாரு."

பூஜையை எடுக்க அண்ணன் போனை முன்கூட்டியே ஓடவிட்டு எங்கள் வீட்டு மாடத்தில் சாய்த்து வைத்திருக்கிறான், வெட்டாமல் அப்படியே அனுப்பியும் இருக்கிறான். முதலில் அண்ணனின் மூக்கு பெரியதாகத் தெரிந்தது, பிறகு நகர்ந்தது. தறி, மாலை, காலி வாழை இலை. தரையில் ஒரு முறம். அண்ணன் என் கவர்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து முறத்தில் கொட்டினான். எனக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. இவன்தான், இந்த நாய்தான் என்று நினைத்தேன். அதற்குள் அப்பாவின் குரல் கேட்டது.

"நல்லா கலக்குடா. எது எதுன்னு தெரியக் கூடாது."

"அவ கத்துவாப்பா."

"கத்தட்டும். தெரியாம செஞ்சுட்டேன்னு நான் சொல்லிக்கிறேன். என்ன ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ போயிட்டா அந்தாண்ட நாடாவ யாரு தள்றது, நீ வந்து தள்ளுவியா?"

அண்ணன் சிரித்தான். அப்பா வந்து உட்கார்ந்தார். முறத்துக்குள் கையை விட்டு, அரிசி அளைவதைப் போல இரண்டு தரம் அளைந்தார். பிறகு விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு தேவாரம் பாட ஆரம்பித்தார். குரல் எப்போதும் போல நன்றாக இருந்தது.

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் புள்ளய வேணாம்னு சொன்னப்ப எங்க நின்னுக்கினு சொன்ன, ஞாபகம் இருக்குதா? உங்கப்பன் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கினு. எங்கப்பா மாதிரி ஆம்பளயா இருந்தா கட்டிக்கிறேன்னு சொன்ன." போனை வாங்கிக்கொண்டாள். "ரெண்டாவது தபா வேணா பாக்கறியா?"

மருமகள் எழுந்து போய் ஒரு டம்ளர் காபி கொண்டு வந்து கொடுத்தாள். நான் அதை நின்றபடியே குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா தறியில் இருந்தார். அந்தாண்ட இடம் காலியாக இருந்தது. "கெடச்சுதாம்மா?" என்றார்.

"இல்லப்பா. அவங்களும் அழிச்சுட்டாங்களாம்."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "என்னம்மா பண்றது. ஈசன் விட்ட வழி." பிறகு, "வாம்மா, உக்காரு. ரெண்டு மொழம்தான் பாக்கி இருக்குது."

தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மைக்ராஸ்கோப்பில் சுள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்து, அகலமானதை ஒரு பக்கம், ஒடுக்கமானதை ஒரு பக்கம் என்று பிரித்தேன். கைடு சொன்னபடியே செய்து, தீவுக்குப் போய், திரும்பியே வராமல் இருந்துவிட வேண்டும் என்ற வெறி. பாதியில் கை நின்றது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டினால், தெரிந்ததைத் தெரியாத மாதிரி காட்டின அந்த மனுஷனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி மூடினேன். கைடிடம் முடியாது என்று சொன்னேன். அந்தக் கோடையில் வேறொருத்தி தீவுக்குப் போனாள். போட்டோ எல்லாம் அனுப்பினாள். கூட்டுக்குள் செடி தட்டியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அடியில் தரை கறுத்துப்போயிருந்தது.

என் ஆராய்ச்சி அதோடு நின்றது. இப்போது ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். அப்பாவோடுதான் இருக்கிறேன். சமைக்கிறேன், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், காய்ச்சல் என்றால் கூட்டிக்கொண்டு போகிறேன். தறியில் மட்டும் உட்காரவில்லை. முதலில் தலைவலி என்றேன், பிறகு காலேஜ் வேலை என்றேன், அப்புறம் எதுவும் சொல்லவில்லை. அவர் காரணம் கேட்கவில்லை. அந்த இரண்டு முழத்தை யாரையோ கூலிக்கு வைத்து முடித்தார். இப்போது ஒற்றை ஆள் நெய்கிற கரையில்லாப் புடவை போடுகிறார். கோர்வை நெய்த கைக்கு அது எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியும். ஊரிலும் கேட்கிறார்கள். பொண்ணு வீட்லதானே இருக்குது, அப்புறம் இன்னா என்று.

போன ஆயுத பூஜைக்கு அண்ணன் வரவில்லை. அப்பா நாடாக்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் எவர்சில்வர் டப்பாவையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்து சுள்ளிகளை முறத்தில் கொட்டினேன். பழைய குங்குமம் காய்ந்து உதிர்ந்தது.

"இது எதுக்கும்மா இப்ப?"

"என் ஆயுதம்லப்பா. பூசை போட வேணாமா?" முறத்துக்குள் கையை விட்டு இரண்டு தரம் அளைந்தேன். "நல்லா கலக்கிட்டேன். எது எதுன்னு தெரியக் கூடாதுல்ல."

அவர் விரல் எண்ணெய்க் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். அந்தச் சாது முகம் என் கண்ணெதிரே கிழவன் முகமாக மாறியது. உதடு நடுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. முன்பு எது பொய்யாக வந்ததோ அதெல்லாம் இப்போது நிஜமாகவே வந்தது. நான் முதுகைத் தடவிக்கொடுக்கவில்லை. முறத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"வைப்பா. உன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். எண்ணெய் தடவி, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, இலையில் அடுக்கினார். ஒன்றுகூட விடவில்லை. கற்பூரம் ஏற்றினோம். அன்றைக்கு அவர் பாடவில்லை.